எழுந்து நிக்கச் சொன்னா எல்லாரும் நிக்கணுமா? ட்ரம் கோர் ஷோவில் ராணுவத்துக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் மரியாதை

#1 | செல்வி_டெக்சாஸ் | ஜூலை 22

வணக்கம். பிள்ளைங்களை மார்ச்சிங் பேண்டுல விட்டவங்க இங்க நாலஞ்சு பேர் இருக்கீங்கன்னு தெரியும். அதான் இங்கயே கேக்குறேன்.

என் பெரியவ பதினொண்ணாவது போகப் போறா. ட்ரம்பெட் வாசிக்கிறா. ட்ரம் கோர்ல சேரணும்னு ஒரே பிடிவாதம். சரி, அது என்னன்னு பாப்போம்னு போன சனிக்கிழமை ஒரு ஷோவுக்குப் போனோம். தெரியாதவங்களுக்கு: பித்தளை வாத்தியம், மேளம், கொடி சுத்துற பிள்ளைங்க, இவ்வளவுதான். கிளாரினெட், சாக்ஸ் எதுவும் கிடையாது. ஃபுட்பால் மைதானம் முழுக்க ஓடிக்கிட்டே பத்துப் பன்னெண்டு நிமிஷம் வாசிக்கிறாங்க. 21 வயசு தாண்டினா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்.

எல்லாம் முடிஞ்சு கடைசியில அறிவிப்பாளர், "ராணுவத்துல இருந்தவங்க உங்க படைப் பாட்டு வரும்போது எழுந்து நில்லுங்க, போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ்காரங்களும் நில்லுங்க"ன்னார். ஒவ்வொரு படையோட பாட்டா வந்துச்சு. அங்கங்க நாலு பேர், அஞ்சு பேரா எழுந்தாங்க. கூட்டம் கத்தி ஓஞ்சதும், உடனே ஒரு பையன் தனியா டாப்ஸ் (செத்த சிப்பாய்ங்களுக்கு ஊதுற மெட்டு) வாசிச்சான்.

என் பக்கத்துல ஒரு பெரியவர். எழுபத்தஞ்சுக்கு மேல இருக்கும். வியட்நாம்னு எழுதின கருப்புத் தொப்பி. எந்தப் பாட்டுக்கும் எழுந்திருக்கல. ஆனா மூணாவது பாட்டு ஓடும்போது அவர் வலது கால் மட்டும் தாளம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. முட்டி வலியோ என்னவோன்னு இருந்துட்டேன். டாப்ஸ் ஆரம்பிச்சதும் மனுஷன் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து, தொப்பியைக் கழட்டிட்டு நின்னார். சுத்தி எல்லாரும் அப்பத்தான் உக்காந்துக்கிட்டு இருந்தாங்க.

அது மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருக்கு. இதுல இன்னொண்ணு: செப்டம்பர் 11 காலையில எங்க ஊர் தீயணைப்பு நிலையத்துல சின்னதா ஒரு நிகழ்ச்சி. அங்க டாப்ஸ் வாசிக்க என் மகளைக் கேட்டிருக்காங்க. "நான் வாசிக்கலாமாம்மா? எனக்கு அவங்க யாரையும் தெரியாதே"ங்கிறா. என்ன சொல்றது?

#2 | பழைய_பாரிடோன் | ஜூலை 22

செல்வி அக்கா, கேள்வி சின்னது, பதில் பெருசா வரும். நான் நியூ ஜெர்சியில வளர்ந்து ரெண்டு சம்மர் பாரிடோன்ங்கிற பெரிய பித்தளை வாத்தியத்தைத் தூக்கினவன். தோள் இன்னும் வலிக்குது.

முதல்ல ஒண்ணு. ட்ரம் கோர் ராணுவத்துக்கு மரியாதை "செய்யுது"ன்னு சொல்றதே பாதி தப்பு. அது ராணுவத்தோட வயித்துல பிறந்த பிள்ளை. முதல் உலகப் போர் முடிஞ்சு ஊர் திரும்பினவங்க அமெரிக்கன் லீஜியன், விஎஃப்டபிள்யூங்கிற முன்னாள் சிப்பாய் சங்கங்களோட கிளைகள்ல கூடினாங்க. பட்டாளத்துல மிஞ்சின பியூகிளும் (பித்தளை ஊதுகொம்பு) மேளமும் மலிவாக் கிடைச்சது. முதல்ல அவங்களே வாசிச்சாங்க, அப்புறம் தெருப் பிள்ளைங்களுக்குக் கத்துக்கொடுத்தாங்க. போட்டி நடத்தினதும் விதி எழுதினதும் அவங்கதான். தேசியக் கொடி மைதானத்துக்குள்ள வந்தே ஆகணும், பக்கத்துல துப்பாக்கியோட காவல் நிக்கணும், அதுல பிசகினா மார்க் போகும். இன்னைக்கு பட்டுத் துணியைச் சுத்தி ஆடுற குழுவுக்கு "கலர் கார்டு"ன்னு பேர் வந்ததே அந்தக் கொடிக்காவல்லேருந்துதான்.

ஸ்னேர்ங்கிற சின்ன மேளம் வாசிக்கிற பிள்ளைங்க இடது கையைப் பாருங்க. குச்சியை உள்ளங்கை மேல பாத்த மாதிரி, கட்டைவிரல் இடுக்குல வெச்சிருப்பாங்க. வலது கை சாதாரணமா இருக்கும். ஏன்? அந்தக் காலத்துப் பட்டாள மேளம் வாரில தொங்கும், நடக்கும்போது இடது தொடைப் பக்கமா சாஞ்சு கிடக்கும். சாஞ்ச தோல் மேல அடிக்க அந்தப் பிடிதான் வாகு. இப்ப மேளம் மட்டமா உக்கார தோள்பட்டைச் சட்டம் வந்தாச்சு, சாய்வே இல்ல. ஆனா கை மட்டும் இன்னும் அந்தப் பழைய மேளத்தையே பிடிச்சுக்கிட்டு இருக்கு. யாரும் மைக்ல அறிவிக்காத மரியாதை அது.

1971 வாக்குல கோர்கள் லீஜியன் விதிகளோட மல்லுக்கட்டி வெளிய வந்தாங்க. போட்டிகளைத் தாங்களே நடத்த டிசிஐ (ட்ரம் கோர் இன்டர்நேஷனல்) பிறந்துச்சு. முதல் சாம்பியன்ஷிப் 1972, விஸ்கான்சின்ல வைட்வாட்டர். ஜெயிச்சது அனஹைம் கிங்ஸ்மென். அந்தச் சமயத்துல வியட்நாம் ஓடிக்கிட்டு இருந்துச்சு, கட்டாய ஆள்சேர்ப்பு 1973 வரைக்கும் இருந்துச்சு. மைதானத்துல மார்ச் பண்ணின வயசும் பட்டாளத்துக்குக் கூப்பிடற வயசும் ஒண்ணு. உங்க பக்கத்துல உக்காந்திருந்தவர் அந்த வயசுக்காரர்.

இப்ப அவர் ஏன் அப்படிச் செஞ்சார்ங்கிறதுக்கு வரேன். அமெரிக்காவுல ரெண்டு நாள் இருக்கு. மே மாசக் கடைசித் திங்கள் மெமோரியல் டே, செத்தவங்களுக்கு. நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே, வேலை பாத்த எல்லாருக்கும். எழுந்து நின்னு கைதட்டு வாங்கறது உயிரோட இருக்கறவங்க சமாச்சாரம். டாப்ஸ் போனவங்களுக்கு. நீங்க பாத்த ஷோவுல ரெண்டையும் மூச்சு விடாம ஒட்டிட்டாங்க. அவர் மட்டும் பிரிச்சுக்கிட்டார்னு எனக்குத் தோணுது.

#3 | வில்லங்கம் | ஜூலை 23

பாரிடோன் அண்ணன் உருகிட்டார். நான் கொஞ்சம் தண்ணி ஊத்துறேன்.

2015-ல ரெண்டு செனட்டர்கள், மெக்கெய்னும் ஃபிளேக்கும், ஒரு அறிக்கை விட்டாங்க. மைதானத்துல சிப்பாயை நிறுத்திக் கைதட்ட வைக்கிறது, பெரிய கொடி விரிக்கிறது, இதெல்லாம் அடங்கின ஒப்பந்தங்களுக்கு பாதுகாப்புத் துறை விளையாட்டு அணிகளுக்குக் கொடுத்த காசு 68 லட்சம் டாலர். நன்றின்னு நினைச்சு ஜனங்க எழுந்து நின்னது விளம்பர நேரத்துக்கு. அந்த மெக்கெய்ன் வியட்நாம்ல அஞ்சரை வருஷம் சிறையில கிடந்தவர், அதனால தேசத்துரோகின்னு யாரும் கிளம்ப வேண்டாம்.

"எழுந்து நில்லுங்க"ன்னு யாராவது மைக்ல சொன்னாலே நான் பர்ஸைத் தொட்டுப் பாத்துக்குவேன்.

#4 | பழைய_பாரிடோன் | ஜூலை 23

அது என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) மாதிரி காசு பாக்குற விளையாட்டு அணிகள். ட்ரம் கோர்ல பிள்ளைங்க ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் கட்டி, ஸ்கூல் ஜிம் தரையில படுத்துத் தூங்கி வாசிக்குதுங்க. இங்க யாரும் யாருக்கும் காசு தர்றதில்ல, எல்லாரும் பாக்கிதான் வெச்சிருக்காங்க.

#5 | வில்லங்கம் | ஜூலை 23

சரி, காசு விஷயம் வாபஸ். வேஷத்துக்கு வருவோம். வயோமிங்ல காஸ்பர் ஊரைச் சேர்ந்த ட்ரூப்பர்ஸ்னு ஒரு கோர், 1957-லேருந்து இருக்கு. நீலச் சட்டை, மஞ்சள் கழுத்துத் துணி, 11-வது ஒஹாயோ குதிரைப்படையோட சீருடையைப் பாத்துத் தச்சது. ஊர்ப் பேரே அந்தப் படையில இருந்த காஸ்பர் காலின்ஸ்ங்கிற இளம் அதிகாரி பேர்தான், எழுத்துல ஒரு சின்னப் பிழையோட. 1865 ஜூலையில அந்த ஊர்ப் பக்கத்து பிளாட் பாலத்துல லக்கோட்டா, செயான் வீரர்களோட நடந்த சண்டையில செத்தார். அந்தப் பக்கம் செத்தவனோட கொள்ளுப்பேரன் ஸ்டாண்டுல உக்காந்திருந்தா, நீலச் சட்டை வரும்போது அவனும் எழுந்து நிக்கணுமா?

(ட்ரூப்பர்ஸ் வாசிப்பைக் குத்தம் சொல்லல. அவங்க மைதானத்துல சூரியன் மாதிரி வட்டமா விரியிறதை நூறு தடவை பாத்திருப்பேன்.)

#6 | ரொறன்ரோ_மூர்த்தி | ஜூலை 23

வில்லங்கம் தம்பி கேட்ட கேள்வி எனக்குச் சுடுது, அதுதான் எழுதுறன்.

நான் யாழ்ப்பாணத்தில பிறந்தவன். சீருடை எண்டால் எங்களுக்கு வேற அர்த்தம். சப்பாத்துச் சத்தம் கேட்டால் விளக்கை நூர்க்கிற வீட்டில வளர்ந்தனான். இஞ்ச மகன்ர பள்ளிக்கூடத்தில நவம்பர் 11-க்கு, இஞ்ச அது போரில செத்தவையை நினைக்கிற நாள், பேண்ட் வாசிக்கேக்க நானும் பொப்பிப் பூ குத்திக்கொண்டு போறனான். எல்லாரும் எழும்புவினம். நானும் எழும்புவன், ஆனால் மேளம் மட்டும் தனிய அடிக்கிற இடத்தில என்ர கண் வாசலைத்தான் தேடும். முப்பது வருசமாகியும் அது போகேல்லை.

ஆனால் ஒண்டு. அம்மாவுக்கு நெஞ்சு நோ வந்த இரவு அம்புலன்சில வந்த பெட்டை, இருவத்தஞ்சு வயசு இருக்காது, பனிக்குள்ள முழங்காலில நிண்டு அம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு தமிழில "அம்மா, மூச்சு எடுங்கோ" எண்டு சொன்னவள். நான் சொல்லிக் குடுத்த ரெண்டு சொல். அவளுக்காக எழும்பச் சொன்னால் கதிரை விழ விழ எழும்புவன். ஆமியையும் அவளையும் ஒரே மூச்சில சொல்லேக்கதான் எனக்குச் சிக்கல்.

#7 | செல்வி_டெக்சாஸ் | ஜூலை 24

மூர்த்தி அண்ணா, ரெண்டு தடவை படிச்சேன். மகளுக்கும் படிச்சுக் காட்டினேன்.

#8 | ஹவில்தார்_ரிட்டயர்ட் | ஜூலை 24

நான் இந்தியப் பட்டாளத்தில் 24 வருஷம். அதில் பாதி ரெஜிமென்ட் பேண்டில். மரியாதை பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை.

எங்கள் வழக்கத்தில் கைதட்டே கிடையாது. "சோக் சஸ்தர்" என்று ஆணை வரும். துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, குழாய் முனை பூட்ஸ் மேல் நிற்க, தலை குனிய வேண்டும். பியூகிளில் லாஸ்ட் போஸ்ட். பிறகு மௌனம். பிறகு ரவுஸ், அதாவது எழுப்புகிற அழைப்பு. இடையில் இருக்கிற அந்த மௌனம்தான் முக்கியம். அமெரிக்க டாப்ஸ் வேறு மெட்டு. இரண்டுமே ஆதியில் முகாமில் நாள் முடிகிற ராத்திரி நேரத்து ஊதல்கள்தான். சாவுக்கு என்று யாரும் எழுதவில்லை.

தீயணைப்புக்காரர்களுக்கும் எங்களிடம் நாள் உண்டு, ஏப்ரல் 14. 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து, அணைக்கப் போனவர்களில் 66 பேர் செத்தார்கள். அன்றைக்கு எந்த மைதானத்திலும் பேண்டு வாசித்து நான் கேட்டதில்லை.

மகளே, நீ யாரையும் தெரிந்துகொண்டிருக்க வேண்டாம். நான் ஊதிய முக்கால்வாசிப் பேரை எனக்குத் தெரியாது. பெயரை மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்கி, வாய்விட்டு ஒரு முறை படித்துக்கொள்வேன்.

#9 | கென்ட்_கவிதா | ஜூலை 25

பெல்ஜியத்துல இருக்கேன். யீப்பர்ல மெனின் கேட்னு ஒரு வளைவு. முதல் உலகப் போர்ல உடல் கிடைக்காமப் போன 54,000-க்கும் மேற்பட்டவங்க பேர் அதுல செதுக்கியிருக்கு. நம்ம இந்தியச் சிப்பாய்கள் பேரும் இருக்கு. தினமும் ராத்திரி 8 மணிக்கு வண்டிகளை நிறுத்திட்டு லாஸ்ட் போஸ்ட் ஊதுறாங்க. 1928-லேருந்து. ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரங்க ஊரைப் பிடிச்சிருந்த காலத்துல மட்டும் இங்கிலாந்துல ப்ரூக்வுட் கல்லறைத் தோட்டத்துல ஊதினாங்க. 1944 செப்டம்பர் 6, ஊர் விடுபட்ட அன்னைக்கே திரும்ப வளைவுக்கு வந்துட்டாங்க.

இதுல உங்க இழைக்குச் சம்பந்தப்பட்டது என்னன்னா, அந்த ஊதல்காரங்க பட்டாளத்துக்காரங்க இல்ல. வழிவழியா அந்த ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்காரங்க. நெருப்புக்கு ஆளைக் கூப்பிட பியூகிள் ஊதின கைதானே. நான் போன அன்னைக்கு மழை. ஒருத்தர் ஊதி முடிச்சதும் வாய்க்குழலைக் கழட்டி உதறிட்டு, ஒரு வார்த்தை பேசாம சைக்கிள்ல போயிட்டார். மறுநாளும் அதே 8 மணிதானே.

#10 | வில்லங்கம் | ஜூலை 25

இதுக்கு நான் எதிர்ப்பேச்சு பேச மாட்டேன். மைக் இல்ல, சொன்ன நேரத்துக்கு வந்தாங்க, ஊதினாங்க, போனாங்க.

#11 | குயின்ஸ்_நர்ஸ் | ஜூலை 26

நியூயார்க். 2001-ல நான் இங்க புதுசு, ராத்திரி ஷிப்ட்.

செப்டம்பர் 11 கோபுரத் தாக்குதல்ல செத்தது தீயணைப்புத் துறையில 343 பேர், நகரப் போலீஸ்ல 23, துறைமுகப் போலீஸ்ல 37. அந்த வருஷக் கடைசி வரைக்கும் எங்க பக்கத்து சர்ச்சுகள்ல பைப் பேண்ட் (பேக்பைப்பும் மேளமும்) ஓயவே இல்ல. ஐரிஷ்காரங்க நிறைய பேர் அந்த வேலைக்கு வந்ததால ஒட்டிக்கிட்ட வழக்கம் அது. தீயணைப்புத் துறைக்குள்ள வேலை பாக்குறவங்களே சேர்ந்து வாசிக்கிற பேண்டு. தான் தூக்கிட்டுப் போற பெட்டிக்குத் தானே வாசிக்கணும். உடல் கிடைக்காததால சில பெட்டி வெறும் பெட்டி. மேளத்து மேல கருப்புத் துணி சுத்தியிருப்பாங்க, சத்தம் நெஞ்சுக்குள்ள அடிக்கிற மாதிரிதான் வரும், காதுல விழாது.

மணி அடிக்கிற வழக்கமும் உண்டு. அஞ்சு, அஞ்சு, அஞ்சு, அஞ்சு. தந்தி மணி இருந்த காலத்துல ஒருத்தர் வேலையில செத்தா நிலையங்களுக்குத் தகவல் போன முறை. செல்வி, உங்க ஊர்லயும் மணிக்கு அப்புறம்தான் ட்ரம்பெட்னு வெச்சிருப்பாங்க. கேட்டு வெச்சுக்கோங்க. இருபதாவது அடி ஓஞ்சப்புறம் மகள் மனசுக்குள்ள நாலு எண்ணிட்டு ஆரம்பிக்கட்டும்.

#12 | மட்டுறுத்துநர் | ஜூலை 27

இடையில் கட்சி அரசியலை இழுத்த மூன்று பதிவுகளை எடுத்துவிட்டேன். இழை நன்றாகப் போகிறது, கெடுக்காதீர்கள்.

#13 | பழைய_பாரிடோன் | ஜூலை 27

இப்ப பாப்பாவுக்கு. வேலை சமாச்சாரம்.

டாப்ஸ் 24 சுரம். 1862-ல வர்ஜீனியாவுல ஜெனரல் பட்டர்ஃபீல்டு தன் பியூகிள்காரனை வெச்சுப் பழைய ஊதல் ஒண்ணைத் திருத்தி உண்டாக்கினது. மொத்தமே நாலு சுருதிதான் வரும், வால்வை அமுக்கவே வேண்டாம். அதனாலதான் கஷ்டம். விரலுக்கு வேலை இல்ல, உதடு மாட்டிக்கும். எல்லாரும் உச்சத்துல இருக்கிற 18-வது சுரத்துக்குப் பயப்படுவாங்க. வழுக்குறது பெரும்பாலும் அதுக்கு முன்னாடி.

1963-ல கென்னடி அடக்கத்துல கீத் கிளார்க்னு ஒரு சார்ஜென்ட் வாசிச்சார். நல்ல வித்வான். குளிர்ல வெகு நேரம் காத்து நின்னு, பக்கத்துலயே துப்பாக்கி மரியாதை வெடிச்சு முடிஞ்ச கையோட ஊதினார். ஆறாவது சுரம் உடைஞ்சது. உலகமே டிவியில கேட்டுச்சு. ஜனங்க அதை அழுகைன்னு எடுத்துக்கிட்டாங்க. அவர் பிழைன்னுதான் எடுத்துக்கிட்டிருப்பார், எந்த ட்ரம்பெட்காரனும் அப்படித்தான். ஆகவே வாய்க்குழலைச் சட்டைப்பையில வெச்சுச் சூடா வெச்சுக்கோ. உடைஞ்சா நிறுத்தாதே, திரும்பவும் ஆரம்பிக்காதே.

"நான் வாசிக்கலாமா"ன்னு கேட்டாளே. 2000-லேருந்து அமெரிக்காவுல தகுதியுள்ள முன்னாள் சிப்பாய் யார் செத்தாலும் குடும்பம் கேட்டா ரெண்டு பேர் சீருடையில வந்து கொடி மடிச்சுக் குடுக்கணும், டாப்ஸ் ஒலிக்கணும்னு சட்டம். ஊதத் தெரிஞ்ச ஆள் போதல. அதனால பியூகிள் வாய்க்குள்ள ஒரு சின்ன மின்கருவியைச் சொருகி, பட்டனை அமுக்கிட்டு ஊதுற மாதிரி பிடிச்சு நிக்கிறாங்க. குத்தம் சொல்லல, வேற வழி இல்ல. ஆனா நிஜமா மூச்சு விட்டு ஊதுற ஒரு பதினாறு வயசுப் பொண்ணு நம்ம ஊர்ல இருக்குன்னா அந்த நிலையத்துல வேண்டாம்னா சொல்வாங்க?

ட்ரம்பெட்காரங்க இன்னும் எங்கெங்கே ஓடியிருக்காங்க தெரியுமா? அமெரிக்க மரீன் படையோட ட்ரம் அண்டு பியூகிள் கோர், கமாண்டன்ட்ஸ் ஓன்னு பேர், செவப்புக் கோட்டு. டிசிஐ ஷோக்களுக்கு விருந்தாளியா வருவாங்க. கோர்ல மார்ச் பண்ணின பிள்ளைங்க பலர் அங்க போறாங்க, மத்த மரீன் மாதிரியே பயிற்சி முகாம் முடிச்சுத்தான் பியூகிளைத் தொடணும். டிசிஐ 2000-ல எந்தச் சுதி வாத்தியமும் ஆகும்னு விட்டுடுச்சு. அவங்க இன்னும் ஜி சுதியில ரெண்டு வால்வு பியூகிள்தான். அந்தச் சத்தம் கேட்டா என் தோள் வலி மறந்துடும்.

#14 | வில்லங்கம் | ஜூலை 28

கடைசியா ஒரு வில்லங்கம், அப்புறம் போயிடறேன். அமெரிக்கக் கொடி விதியில கொடியை மட்டமா, படுக்கையா தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னே இருக்கு. மைதானம் பூரா விரிக்கிறாங்களே, அது அவங்க விதிக்கே ஆகாது. ஆடையா தச்சுப் போடக் கூடாதுன்னும் இருக்கு. கொடிச் சின்னம் ஒட்டிக்கலாம்னு அதே விதி விலக்கு குடுக்கிறது சிப்பாய், தீயணைப்புக்காரர், போலீஸ், தேசபக்த அமைப்புக்காரங்களுக்கு. செல்வி அக்கா, பாப்பா அன்னைக்குக் கொடி போட்ட சால்வை, தொப்பி எதுவும் வேண்டாம். கருப்புச் சட்டை போதும்.

#15 | ரொறன்ரோ_மூர்த்தி | ஜூலை 28

பிள்ளை வடிவா வாசிப்பாள். முடிஞ்சதும் எழுதுங்கோ.

#16 | செல்வி_டெக்சாஸ் | செப்டம்பர் 12

எழுதறேன்னு சொன்னேனே. நேத்து நடந்துச்சு.

ஹவில்தார் ஐயா சொன்ன மாதிரி பேர் கேட்டோம். எங்க ஊர் நிலையத்துல வேலையில செத்தவர் ஒருத்தர்தான், பல வருஷம் முன்னாடி. சுவர்ல சின்னப் பலகை. மகள் அதைப் பக்கத்துல போய் வாய்விட்டுப் படிச்சா. கேப்டன் ஒண்ணும் சொல்லல, பலகையில இருந்த தூசியைக் கட்டைவிரலால துடைச்சார்.

கூட்டம் நாப்பது பேர் இருக்கும். வண்டிகளை வெளிய எடுக்கல, ஷெட்டுக்குள்ளயே நின்னுச்சு, அதுக்கு முன்னாடி ஆளுங்க ஏழு பேர் வரிசையா. மணி அடிச்சாங்க. மூணாவது அஞ்சு முடிஞ்சு நாலாவது ஆரம்பிக்கும்போது நிஜ அலாரம் வந்துச்சு.

எனக்கு ஒரு நொடி புரியல, அதுவும் நிகழ்ச்சின்னு நினைச்சேன். நாலு பேர் வரிசையை விட்டு ஓடினாங்க. இருபது நொடி இருக்காது, பூட்ஸுக்குள்ள காலை விட்டு, பேன்ட்டை இழுத்து, வண்டி கிளம்பிடுச்சு. கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சு வழி விட்டுச்சு. ஒரு கைக்குழந்தை அலறுது. மகள் ட்ரம்பெட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு என்னைப் பாக்குறா. நான் கேப்டனைப் பாக்குறேன். அவர் சைரன் திருப்பம் தாண்டுற வரைக்கும் கையை உயர்த்தியே நின்னுட்டு, விட்ட இடத்துலேருந்து மிச்ச அஞ்சையும் அடிக்கச் சொன்னார். அப்புறம் அவளைப் பாத்துத் தலையசைச்சார்.

வாசிச்சா. 18-வது சுத்தமா வந்துச்சு. அதுக்கு அடுத்தது கொஞ்சம் காத்தா போச்சு, பாரிடோன் தம்பி கேட்டிருந்தா கண்டுபிடிச்சிருப்பார். மூணு பேர்தான் சல்யூட்ல நின்னாங்க, மிச்ச இடத்துல தரையில எண்ணெய்க் கறை.

வாசிச்சு முடிச்சும் கேஸுக்குள்ள வெக்க மாட்டேங்கிறா. "போனவங்க திரும்பினப்புறம் போலாம்மா"ன்னா. வெயில்ல உக்காந்திருந்தோம். ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. சின்ன அடுப்படித் தீயாம், யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஓட்டிட்டு வந்தவர் இறங்கி, "மிஸ் பண்ணிட்டோமே, நல்லா வந்துச்சா?"ன்னு கேட்டார். அவ, "ஒரு சுரம் போச்சு"ன்னா. "எங்களுக்கும் இன்னைக்கு ஹோஸ் ஒரு தடவை வழுக்குச்சு"ன்னுட்டு ஹெல்மெட்டைக் கழட்டிட்டு உள்ள போயிட்டார்.

நவம்பர் 11-க்கும் கூப்பிட்டிருக்காங்க. அன்னைக்கு டாப்ஸ் வேண்டாம், வேற ஏதாவது கலகலப்பா வாசிக்கிறேன்னு இவளே சொல்லிட்டா.

#17 | பழைய_பாரிடோன் | செப்டம்பர் 12

19-வது காத்தாப் போறது 18-ஐப் பிடிச்ச சந்தோஷத்துல மூச்சை விட்டுடறதால. ஆடிஷனுக்கு முன்னாடி அதைச் சரி பண்ணிடலாம், எனக்கு மெசேஜ் பண்ணச் சொல்லுங்க அக்கா.